ஓப்பன் லைசன்ஸ் கேம்ல புராணப் பேர்களை எடுத்து எழுதறது எப்படி

டேபிள்டாப் ஆர்பிஜிக்கு (மேஜையைச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கதாபாத்திரமா ஆடற கேம்) சொந்தமா ஒரு அட்வென்ச்சரோ மான்ஸ்டர் புக்கோ எழுதி வெளியிடணும்னு இறங்கற எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்வி வரும். தோர், மெடூசா, ராட்சசன், இதெல்லாம் எவ்வளவோ காலமா இருக்கிற பேரு, இதுக்கெல்லாம் யார்கிட்டப் போய் பர்மிஷன் கேக்கறது? யார்கிட்டயும் கேக்க வேண்டாம், பேரு யாருக்கும் சொந்தமில்ல. ஆனா அந்தப் பேரைச் சொன்ன உடனே உங்க மனசுல ஒரு உருவம் வருது பாருங்க, அந்த உருவம் எங்கேருந்து வந்துச்சுன்னு தேடாம எழுதிட்டா அங்கதான் மாட்டிப்பீங்க.

நான் முதல்ல எழுதின அட்வென்ச்சர்ல கடைசில வர்ற பெரிய எதிரி டியாமட். அஞ்சு தலை டிராகன், தலைக்கு ஒரு கலர். பாபிலோனியப் புராணம்தானே, பப்ளிக் டொமைன்தானே, யாரும் எடுத்துக்கலாமேன்னு நம்பி மொத்த க்ளைமாக்ஸையும் அப்படியே எழுதி முடிச்சுட்டேன். ப்ரூஃப் பார்த்த ஃப்ரெண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், "அஞ்சு தலைன்னு எந்தக் களிமண் பலகைல எழுதியிருக்கு?" அன்னிக்கு ராத்திரி எனூமா எலிஷ்ங்கற பாபிலோனியப் படைப்புக் கதையோட பழைய மொழிபெயர்ப்பை, எல். டபிள்யூ. கிங் 1902-ல போட்டதை, எடுத்து உக்காந்து ஏழு பலகையும் படிச்சேன். அஞ்சு தலை எங்கயும் இல்ல, கலர் கலரா டிராகனும் இல்ல. அதுல டியாமட் ஆதிக் கடல், உப்புத் தண்ணியோட தாய். கணவனைக் கொன்னுட்டாங்கன்னு பதினோரு வகைப் பூதங்களைப் பெத்து அனுப்பறா, தேள் மனுஷன், மீன் மனுஷன்லாம் அதுல உண்டு. மார்டுக்ங்கற கடவுள் வலையோட வந்து, அவ வாயைத் திறந்ததும் காத்தை உள்ள விட்டு வாய மூட முடியாம பண்ணி, வயித்துல அம்பு விட்டுக் கொல்றான், அப்புறம் உடம்பைக் கருவாடு மாதிரி ரெண்டாப் பொளந்து ஒரு பாதிய வானமா மாட்டறான். அஞ்சு தலை டிராகன் ராணிங்கறது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமா டி&டி)ங்கற ஆர்பிஜி கட்டின உருவம். இதே மாதிரி பஹாமுட்டும், அரபுக் கதைகள்ல அது உலகத்தையே தாங்கற பெரிய மீன், பிளாட்டினம் டிராகன் ஆனது டி&டிக்குள்ளதான்.

க்ளைமாக்ஸை மாத்தி எழுதினேன். வாய்க்குள்ள காத்தை அடைச்சு மூட விடாமப் பண்றது ஒரு முழு என்கவுன்டருக்கே (கேம்ல வர்ற ஒரு மோதலுக்கே) போதும், அது முதல்ல எழுதினதை விட ரொம்ப நல்லா வந்துச்சு.

இப்ப லைசன்ஸ் பக்கம் வருவோம், ஏன்னா புராணம் மட்டும் தெரிஞ்சா பத்தாது. ஓஜிஎல்ங்கறது ஓப்பன் கேம் லைசன்ஸ், 2000-ல டி&டியை வெளியிடற விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி கொண்டு வந்தது, இப்பவும் ஆளுங்க யூஸ் பண்ற வெர்ஷன் 1.0ஏ. இதை ஒரு ஒப்பந்தமாப் பாருங்க. அவங்க ஓப்பன் கேம் கன்டென்ட்னு குறிச்சு வச்சதை நீங்க காப்பி பண்ணலாம், மாத்தலாம், விக்கலாம். பதிலுக்கு அவங்க ப்ராடக்ட் ஐடென்டிட்டின்னு குறிச்சதைத் தொட மாட்டேன்னு நீங்க ஒத்துக்கறீங்க. இந்த ப்ராடக்ட் ஐடென்டிட்டிக்கு லைசன்ஸ்ல குடுத்திருக்கிற விளக்கம் ரொம்பப் பரந்தது, பேரு, இடம், ஜந்து, கதை, தீம், படம், போஸ் வரைக்கும் உள்ள வருது. சாதாரணமா காப்பிரைட் சட்டம் ஒத்தை வார்த்தையையோ ஒரு பேரையோ காப்பாத்தாது, கேம் ரூல்ஸோட வேலை செய்யற முறையையும் காப்பாத்தாது, எழுதின விதத்தைத்தான் காப்பாத்தும். ஆனா ஒப்பந்தத்துல ஒத்துக்கிட்டீங்கன்னா காப்பிரைட் காப்பாத்தாததைக் கூட தொடக் கூடாதுங்கற நிலைமை வந்துடும். இதைத்தான் பல பேரு கவனிக்கறதில்ல, காப்பிரைட் இல்லாததுக்கு என்ன தடைன்னு நினைச்சு உள்ள போயிடறாங்க.

எஸ்ஆர்டின்னு சொல்ற சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட், அதாவது டி&டியோட அடிப்படை ரூல்ஸ் தொகுப்பு, 5.1 ஓஜிஎல்ல வந்தப்ப முன்னாடியே ஒரு லிஸ்ட் குடுத்திருந்தாங்க, அதுல பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர், டிஸ்ப்ளேசர் பீஸ்ட், அம்பர் ஹல்க், யுவான்-டி இப்படி அவங்களே உருவாக்கின ஜந்துங்க இருக்கும், அது புரியுது. ஆனா அதே லிஸ்ட்ல கிரே வேஸ்ட் ஆஃப் ஹேடீஸ், ப்ளீக் எடர்னிட்டி ஆஃப் கெஹென்னா, இன்ஃபெர்னல் பேட்டில்ஃபீல்ட் ஆஃப் அக்கெரான், ப்ளெஸ்ட் ஃபீல்ட்ஸ் ஆஃப் எலிசியம்னு அவங்க கேம்ல வர்ற மறு உலகங்களோட பேரும் இருக்கும். ஹேடீஸ் கிரேக்கர்களோட பாதாளம், அக்கெரான் அந்தப் பாதாளத்துல ஓடற ஆறு, கெஹென்னா ஜெருசலேமுக்கு வெளிய இருக்கிற ஹின்னோம் பள்ளத்தாக்குலேருந்து வந்த பேரு. இதையெல்லாம் ஒரு கம்பெனி எப்படி எடுத்துக்க முடியும்னு முதல்ல பார்க்கும்போது கோவமாக் கூட வரும். நிதானமா ஒருதடவை பாருங்க, குறிச்சிருக்கிறது அந்த முழு சொற்றொடரை. ப்ராடக்ட் ஐடென்டிட்டிக்கு அதோட ஓனர்தான் குறிக்கணும்னு லைசன்ஸே சொல்லுது, ஹேடீஸ்ங்கற வார்த்தைக்கு ஓனரே கிடையாது. அதனால உங்க பாதாளத்துக்கு ஹேடீஸ்னு பேர் வச்சு, ஹோமர் ஒடிஸியில சொல்ற மாதிரி ஆஸ்ஃபோடல் பூத்த வெளில நிழலாத் திரியற ஆத்மாக்களை வைங்க, ரத்தம் குடிச்சாத்தான் அதுங்களால பேச முடியும்ங்கறதையும் வைங்க, அது முழுக்க உங்க கைக்கு வந்த பழைய சொத்து. சாம்பல் கலர் தரிசு, அங்க போனா ஆசையும் உணர்ச்சியும் வத்திப் போயிடும், அதுலயும் அடுக்கடுக்கா மூணு பகுதின்னு எழுத ஆரம்பிச்சா அது அவங்க கட்டின வீட்டுக்குள்ள போறது.

சரி, நடைமுறையில என்ன பண்ணணும்? நான் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரு ஷீட் திறந்து மூணு கட்டம் போடுவேன். முதல் கட்டத்துல பேரு. ரெண்டாவதுல அந்தப் பேர் வர்ற பழைய நூல், எந்தப் பகுதி, எந்த மொழிபெயர்ப்பு, எந்த வருஷம். மூணாவதுலதான் விஷயமே இருக்கு, நான் எழுதப் போற ஒவ்வொரு குணத்தையும் தனித்தனியா எழுதி அது எங்கேருந்து வந்துச்சுன்னு பக்கத்துலயே போடுவேன், பழைய நூலா, எஸ்ஆர்டியா, என் சொந்தக் கற்பனையா, இல்ல எங்கயோ படத்துலயோ கேம்லயோ பார்த்து மனசுல ஒட்டினதா. நாலாவது வகையில எது விழுந்தாலும் அதை வெட்டிடுவேன். சலிப்பான வேலைதான், இருந்தாலும் யாராவது பின்னாடி கேள்வி கேட்டா கையில காட்ட ஆதாரம் இருக்கும், அதுக்கும் மேல எழுத்தும் நல்லா வரும்.

ராட்சசனை எடுத்துக்கோங்க. எஸ்ஆர்டி 5.1-ல ராட்சசன் இருக்கு, 6-வது லெவல் வரைக்கும் உள்ள மந்திரம் அதுவே விரும்பினா ஒழிய மேல பலிக்காது, ஆனா புலித் தலையும் பின்பக்கமாத் திரும்பின உள்ளங்கையும் அதுல இல்ல, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புக்ல வர்ற வர்ணனை அது. நான் ஷீட் போட்டப்ப புலித் தலையை யோசிக்காம "கேம்ல வந்தது"ன்னு எழுதிட்டேன், நம்ம கதைகள்ல இல்லாத ஒண்ணுன்னே நினைச்சேன். ஒரு சந்தேகத்துக்கு வால்மீகி ராமாயணத்துல சுந்தர காண்டத்தைப் பிரிச்சுப் பார்த்தா 17-வது சர்க்கத்துல அசோக வனத்துல சீதையைச் சுத்திக் காவல் இருக்கிற ராட்சசிகளை வரிசையா வர்ணிக்கிறார், ஒத்தைக் கண்ணு உள்ளவ, காதே இல்லாதவ, காதையே போர்வையாப் போத்திக்கிட்டவ, அப்புறம் பன்னி, மான், புலி, எருமை, ஆடு, நரி முகம் உள்ளவங்க. புலி முகம் அங்கயே இருக்கு! ஆனா பின்பக்கம் திரும்பின கை அந்த வர்ணனையில இல்ல. அதனால என் ஷீட்ல புலி முகம் பழைய நூல் பக்கம் போச்சு, திரும்பின கை நாலாவது வகையில விழுந்துச்சு, வெட்டிட்டேன், மந்திரம் பலிக்காதது மட்டும் எஸ்ஆர்டி. எஸ்ஆர்டியிலேருந்து எடுத்தா தப்பே இல்ல, ஓப்பனா குடுத்திருக்காங்க, ஆனா அப்போ லைசன்ஸ் நோட்டீஸ் கண்டிப்பாப் போடணும். புராணத்துலேருந்து மட்டும் எடுத்தா அந்த உருவத்துக்கு யாருக்கும் நன்றி நோட்டீஸ் போட வேண்டிய கட்டாயம் இல்ல. ரெண்டும் ஒரே பேர்ல கலந்து கிடக்கும், பிரிச்சுப் பார்க்கத்தான் இந்த ஷீட்டு. காதைப் போத்திக்கிட்டு தூங்கற ராட்சசியை இதுவரைக்கும் நான் எந்த மான்ஸ்டர் புக்லயும் பார்த்ததில்ல, என் புக்ல வச்சுட்டேன்.

தோர் விஷயத்துல ஜாஸ்தி பேரு தடுக்கி விழறாங்க, ஏன்னா காமிக்ஸும் சினிமாவும் அவ்வளவு ஆழமா உள்ள போயிருக்கு. சுத்தியலைத் தகுதி உள்ளவன்தான் தூக்க முடியும்ங்கறது மார்வெல் வச்சது, எட்டான்னு சொல்ற பழைய நார்ஸ் (வடக்கு ஐரோப்பா) புராண நூல்கள்ல இல்ல. லோகி தோருக்குத் தம்பிங்கறதும் அப்படித்தான், பழைய பாட்டுல லோகி ஓடினோட ரத்தம் கலந்து சகோதரன் ஆனவன். எட்டாவுல இருக்கிற தோர் ரெண்டு ஆடு பூட்டின தேர்ல போறவன், ராத்திரி அந்த ஆட்டையே அடிச்சு சமைச்சு சாப்பிட்டு எலும்பைத் தோல் மேல போட்டு வச்சு காலையில சுத்தியலால ஆசீர்வாதம் பண்ணி உயிரோட எழுப்புவான். ஒருதடவை ஒரு பையன் மஜ்ஜைக்காக ஒரு தொடை எலும்பை உடைச்சுட்டான், ஒரு ஆடு நொண்டிடுச்சு. கதையை நடத்தற கேம் மாஸ்டருக்கு இதை விட என்ன வேணும்?

மொழிபெயர்ப்புல ஒரு நுணுக்கம் இருக்கு, இதைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க. மூலக்கதை பப்ளிக் டொமைன், ஆனா போன வருஷம் ஒருத்தர் பண்ணின மொழிபெயர்ப்போட வாசகம் அவருக்குச் சொந்தம். கதை என்ன நடந்துச்சுன்னு அதுலேருந்து தெரிஞ்சுக்கிட்டு உங்க வார்த்தையில எழுதலாம், வரியைத் தூக்கி பாக்ஸ் டெக்ஸ்ட்ல (ஆடறவங்களுக்குப் படிச்சுக் காட்டற பகுதியில) போடக் கூடாது. வரி அப்படியே வேணும்னா பழைய மொழிபெயர்ப்புக்குப் போங்க, ஆனா பழசுங்கறதும் நாட்டுக்கு நாடு மாறும். பிராடூர் 1916-ல போட்ட ப்ரோஸ் எட்டா இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு அமெரிக்காவுல எப்பவோ ஃப்ரீ ஆயிடுச்சு, அங்க பழைய புக்குக்கு வெளியான தேதியிலேருந்துதான் கணக்கு. ஆனா அவர் இறந்தது 1971, அதனால ஆசிரியர் இறந்து 70 வருஷம்னு கணக்குப் பண்ற நாடுகள்ல 2041 முடியற வரைக்கும் காப்பிரைட் இருக்கலாம், இந்தியா மாதிரி 60 வருஷம் வச்சிருக்கிற இடத்துல 2031 முடியற வரைக்கும். பிடிஎஃப் விக்கறவங்களுக்கு ஒரே நாட்டுக்கு மட்டும் விக்கறதுன்னு எதுவும் கிடையாது, அதனால நான் வரி எடுக்கறதே இல்ல, எல்லாத்தையும் சொந்தமாத்தான் எழுதறேன்.

இன்னொண்ணு, பழசு மாதிரி தெரியற எல்லாம் பழசு இல்ல. ஆர்க்ங்கற பூதப் பேருக்கு வேர் பழைய ஆங்கிலத்துல, பேவுல்ஃப்ங்கற கவிதையில இருக்கு. ஹாபிட் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எழுதின டோல்கீனோட எழுத்துலேருந்து வந்தது. 1970-கள்ல உரிமைக்காரங்க தரப்புலேருந்து எதிர்ப்பு வந்ததும் டி&டியில ஹாபிட் ஹாஃப்ளிங் ஆச்சு, என்ட் ட்ரியன்ட் ஆச்சு, பால்ராக் பேலார் ஆச்சு, ஆர்க் மட்டும் அப்படியே நின்னுடுச்சு. வேர் இருக்கிறதுதான் நிக்கும்.

இப்ப கொஞ்சம் சிக்கலான கேஸ். வேற ஒருத்தரோட ஓஜிஎல் புக்ல நார்ஸ் புராணத்துல வர்ற ஃபென்ரிர் ஓநாய்க்கு ஸ்டாட் ப்ளாக் (ஜந்துவோட பலம், தாக்குதல் நம்பரெல்லாம் இருக்கிற கட்டம்) இருக்கு, நம்பர் எல்லாம் ஓப்பன் கேம் கன்டென்ட், ஆனா முன்பக்கத்துல "எல்லா சிறப்புப் பெயர்களும் ப்ராடக்ட் ஐடென்டிட்டி"ன்னு மொத்தமா ஒரு வரி போட்டிருக்காங்க. இந்த வரியை நிறைய புக்ல பார்க்கலாம், எழுதறவங்க ஒரு பாதுகாப்புக்குப் போட்டுடறாங்க. ஃபென்ரிர்ங்கற பேரு அவங்களோடதா? கிடையாது, எட்டாவோடது. ஆனா அவங்க ஸ்டாட் ப்ளாக்கையும் அதே பேரையும் சேர்த்து எடுத்தா பேரை அவங்க புக்லேருந்து எடுத்த மாதிரிதான் தெரியும், அப்புறம் உக்காந்து வாதாடணும். நான் பண்ணினது இது, நம்பரை மட்டும் எடுத்துக்கிட்டு அவங்க காப்பிரைட் வரியை நோட்டீஸ்ல சேர்த்தேன், பேருக்கு நேரா பழைய நூலுக்குப் போனேன். அந்த ஓநாய்க்கு ஹ்ரோத்விட்னிர், வானகாந்தர்னு வேற பேரும் உண்டு, அதுல ஒண்ணை வச்சேன். வர்ணனை முழுக்க எட்டாவுலேருந்து, அதைக் கட்டின க்ளெய்ப்னிர் கயிறு ஆறு பொருள்ல செஞ்சது, பூனை நடக்கிற சத்தம், பொம்பளையோட தாடி, மலையோட வேரு, கரடியோட நரம்பு, மீனோட மூச்சு, பறவையோட எச்சில். இந்த ஆறையும் தேடிக் கொண்டு வர்றதே ஒரு முழு கேம்பெயின். புராணத்துல ஒரு ஆளுக்குப் பல பேர் இருக்கிறது நமக்குக் கிடைச்ச பெரிய வசதி, அதை யூஸ் பண்ணிக்கோங்க.

பெரிய கம்பெனிகளே இப்படித்தான் பண்றாங்க. பாத்ஃபைண்டர்ங்கற ஆர்பிஜியை வெளியிடற பைஸோ ஓஜிஎல்லை விட்டு வெளிய வந்து 2023 கடைசில பாத்ஃபைண்டர் ரீமாஸ்டர் போட்டப்ப டீஃப்ளிங் (பிசாசு வழி வந்தவங்க), ஆசிமார் (தேவ வழி வந்தவங்க)ங்கற ரெண்டு இனப் பேரையும் எடுத்துட்டு நெஃபிலிம்னு ஒரே குடைக்குள்ள கொண்டு வந்தாங்க, அது பைபிள்ல ஆதியாகமம் 6-வது அதிகாரத்துலயே வர்ற பேரு.

எந்த லைசன்ஸ் எடுக்கறது? 2023 ஜனவரியில ஓஜிஎல்லை மாத்தப் போறதா ஒரு டிராஃப்ட் லீக் ஆகி பெரிய எதிர்ப்பு வந்துச்சு, அந்த மாசக் கடைசிலேயே எஸ்ஆர்டி 5.1-ஐ க்ரியேட்டிவ் காமன்ஸ் சிசி பை 4.0-ல (மூலத்தைக் குறிப்பிட்டா யாரும் எடுத்துக்கலாம்ங்கற பொது லைசன்ஸ்) விட்டுட்டாங்க, 2025-ல எஸ்ஆர்டி 5.2-வும் அதே லைசன்ஸ்லதான் வந்துச்சு. உங்களுக்கு எஸ்ஆர்டியும் புராணமும் மட்டும் போதும்னா சிசி பை எடுங்க, யோசிக்கவே வேண்டாம். அதுல ப்ராடக்ட் ஐடென்டிட்டிங்கற ஒப்பந்தமே கிடையாது, லைசன்ஸ் இல்லாமலே சட்டப்படி நீங்க பண்ணக்கூடிய எதையும் இந்த லைசன்ஸ் தடுக்காதுன்னும் அதுலயே எழுதியிருக்கு, புராணப் பேர் யூஸ் பண்றவங்களுக்கு இது பெரிய நிம்மதி. அவங்க குடுத்திருக்கிற அட்ரிப்யூஷன் வாசகத்தை ஒரு எழுத்து மாத்தாமப் போடணும், ட்ரேட்மார்க் உரிமை அதுல வராது, அதனால அட்டையில டி&டி லோகோ, பேர் எதுவும் வேண்டாம், "5இ கம்பேட்டிபிள்"னு (அஞ்சாவது பதிப்போட சேர்ந்து ஆடலாம்னு) போட்டுக்க அவங்களே அனுமதி குடுத்திருக்காங்க. அட்டைத் தலைப்புல புராணப் பேரைப் பெருசாப் போடறதா இருந்தா மட்டும் அதே பேர்ல வேற கேம் ட்ரேட்மார்க் ஆகியிருக்கான்னு ரெஜிஸ்ட்ரில ஒரு தடவை தேடிடுங்க, உள்ள ஒரு ஜந்துவுக்குப் பேரா வைக்கறது வேற, ப்ராடக்ட்டுக்கே பேரா வைக்கறது வேற.

வேற ஒருத்தரோட ஓஜிஎல் புக்லேருந்து எடுத்தா ஓஜிஎல்தான் வழி, அப்போ மூணு விஷயம் கண்டிப்பா வேணும். லைசன்ஸ் முழு வாசகத்தையும் புக்குக்குள்ள போடணும். எது ஓப்பன் கேம் கன்டென்ட்னு தெளிவாக் குறிக்கணும், 8-வது செக்‌ஷன் கேக்கறது இதுதான். 15-வது செக்‌ஷன்ல நீங்க எடுத்த ஒவ்வொரு புக்கோட காப்பிரைட் வரியும் உள்ளபடியே வரணும், அவங்க எங்கேருந்து எடுத்தாங்களோ அந்த வரிகளும் சேர்த்து, கடைசில உங்க வரி. இந்த 15-வது செக்‌ஷன்லதான் நிறைய புக்கு தப்பாப் போகுது, ஸ்பெல்லிங்கைத் திருத்தக் கூட வேண்டாம், அப்படியே காப்பி பேஸ்ட். தப்பு நடந்தது தெரிஞ்சா 30 நாளுக்குள்ள சரி பண்ணணும், இல்லேன்னா லைசன்ஸ் போயிடும்னு 13-வது செக்‌ஷன் சொல்லுது, அதனால யாராவது மெயில் போட்டா அதை ஓரமா வைக்காதீங்க.

உங்க சொந்த ப்ராடக்ட் ஐடென்டிட்டி வரியை எழுதும்போது எல்லாப் பேரையும் மொத்தமா அள்ளிப் போடாதீங்க, அடுத்து எழுத வர்றவங்களுக்கு நீங்களே வேலி போடற மாதிரி ஆயிடும். நான் இப்ப எழுதறது இப்படி: "இந்தப் புத்தகத்தின் தலைப்பு, படங்கள், கடலூர்ந்தான் கோட்டை, மாயவல்லி ஆகிய பெயர்களும் அவற்றின் கதையும் ப்ராடக்ட் ஐடென்டிட்டி. டியாமட், மார்டுக், வானகாந்தர் முதலிய பழைய புராணங்களில் வரும் பெயர்கள் எங்களுடையவை அல்ல, அவற்றுக்கு உரிமை கோரவில்லை. எல்லா ஸ்டாட் ப்ளாக்குகளும் ஓப்பன் கேம் கன்டென்ட்." கோட்டையும் மாயவல்லியும் நான் உருவாக்கினது, அதனால பேர் சொல்லிக் குறிக்கிறேன், மத்தது வந்த வழியிலேயே திறந்து கிடக்கட்டும்.

காசு வாங்கி விக்கறதுக்கு முன்னாடி, அதுவும் ப்ரின்ட் போடறதா இருந்தா, லைசன்ஸ் பக்கத்தையும் அந்த மூணு கட்ட ஷீட்டையும் ஒரு வக்கீல்கிட்டக் காட்டிடுங்க, ஷீட் ரெடியா இருந்தா அவருக்கும் வேலை சீக்கிரம் முடியும். அப்புறம் பிடிஎஃப் அனுப்பறதுக்கு முந்தி சர்ச்ல பிஹோல்டர், இல்லிதிட், அண்டர்டார்க்னு அந்த லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொரு பேரா அடிச்சுப் பாருங்க. என் கடைசி புக்ல நாலு தடவை திருத்தினதுக்கு அப்புறமும் ஒரு மேப் ஓரத்துல சின்ன எழுத்துல அண்டர்டார்க்னு இருந்துச்சு, மேப் இமேஜா இருந்ததால சர்ச்ல வரல, கண்ணால பார்த்துத்தான் பிடிச்சேன், அதனால மேப்பைத் தனியா ஜூம் பண்ணிப் பாருங்க.